அம்மாவின் உத்தரகிரியைப் பத்திரிகை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். மழை பிடித்துக்கொண்டு வெளியே போக முடியாத நாட்களில் வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டி, பிஸ்கட் டப்பா, மேஜை டிராயர் எதையும் விட்டுவைக்க மாட்டேன். எல்லாவற்றையும் தரையில் கொட்டுவேன், மறுபடி அடுக்குவேன். அடுக்குவேன் என்பது சும்மா மரியாதைக்குச் சொல்வது. அறுபதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு மழை நாளில், பதினோரு வயதில், அம்மாவின் தையல் மெஷின் டிராயரைக் குடைந்துகொண்டிருந்தபோது பாபின்களுக்கும் பட்டன்களுக்கும் அடியில் அந்தப் பத்திரிகை கிடைத்தது.

நான்காக மடித்த காகிதம். ஓரமெல்லாம் கறுப்புக் கட்டம். மூலையில் மஞ்சள் தடவியிருக்கவில்லை. மேலே தடித்த எழுத்தில் ‘உத்தரகிரியைப் பத்திரிகை’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே கோவளம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயர். ‘எனது குமாரத்தி’ என்று ஆரம்பித்து ஒரு பெண்ணின் பெயர். அவள் இறைவனடி சேர்ந்துவிட்டபடியால் பதினாறாம் நாள் உத்தரகிரியை நடக்கும், சுற்றமும் நட்பும் வந்து கலந்துகொள்ள வேண்டும் என்று முடிந்தது. எல்லாம் புரிந்தது, அந்த ஒரு வார்த்தையைத் தவிர. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் சபையில் யாராவது இறந்தால் ‘நல்லடக்க ஆராதனை’ என்று அறிவிப்பார்கள். கிரியை என்ற சொல்லை சண்டே ஸ்கூலில் கேட்டிருக்கிறேன். உத்தரம் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

சமையலறையில் அம்மா வாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்திரிகையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இது யாரும்மா? யாரு செத்துப்போனாங்க?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து கை கழுவி, முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் காகிதத்தை வாங்கினாள். பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

“என் கல்யாணப் பத்திரிகைடி அது. இதையா நோண்டி எடுத்தே? ஒரு மூலையில உக்கார மாட்டியா நீ?”

“கல்யாணப் பத்திரிகைக்கு ஏன் கறுப்புக் கட்டம்?”

“எங்க ஊர்ல அப்படித்தான்.”

“பேரு உன் பேரு இல்லையே.”

“ஞானஸ்நானத்துக்கு முன்னாடி எனக்கு அந்தப் பேருதான்.” சொல்லிவிட்டு மறுபடி மீனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டுகள் மட்டும் வழக்கத்தைவிடச் சிறியதாக விழுந்தன.

அப்பாவிடம் கேட்கலாம் என்று சாயங்காலம் வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். அப்பா பட்டணத்தில் ஒரு கம்பெனி ஆபீசில் கிளார்க். நாங்கள் இரும்புலியூரில் குடியிருந்தோம். அங்கிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்து, எட்டு இருபது மின்சார ரயிலைப் பிடித்து ஆபீஸ் போவார். அவர் ரயிலைத் தவறவிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. சபையில் அவர்தான் செயலாளர். யாராவது இறந்துவிட்டால் அறிவிப்பு எழுதுவது, மணியடிக்கச் சொல்வது, பெட்டிக்கும் வண்டிக்கும் ஆளனுப்புவது, ஆராதனையில் பாட்டு எண்களைச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. நான்கு மணிக்கு அடக்கம் என்றால் நான்கு மணிதான். பாட்டில் எட்டு சரணம் இருந்தால் “ஒன்று, மூன்று, எட்டு சரணங்கள் மட்டும்” என்பார். செத்தவரே எழுந்து உட்கார்ந்து இன்னொரு பாட்டு பாடுங்கள் என்று கேட்டாலும் இவர் கடிகாரத்தைக் காட்டிவிடுவார் என்று சபையில் கேலி பேசுவார்கள். அப்பாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். “அப்பா, உத்தரகிரியைன்னா என்ன?”

அவருடைய கை தட்டிலேயே நின்றது. ஆனால் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. முன்பு வாத்தியாராக இருந்தவர்.

“உத்தரம்னா பின்னால வர்றது. கிரியைன்னா செய்கை. ஒருத்தர் போனதுக்கு அப்புறம் அவங்களுக்காகச் செய்யற காரியங்கள். வடமொழியில இருந்து வந்த வார்த்தை. நம்ம ஆளுங்க அப்படிச் சொல்றதில்லை.”

“விசுவாசம் இருந்தா மட்டும் போதாது, கிரியையும் வேணும்னு சண்டே ஸ்கூல்ல சொன்னாங்களே. அந்தக் கிரியையா?”

“அதே வார்த்தைதான்.”

“அப்போ அம்மாவுக்கு ஏன்—”

“சாப்பிடு. ஆறிப்போகுது.”

அம்மா ரசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். ரசம் எங்கள் முன்னால்தான் இருந்தது.

விஷயத்தை எனக்குச் சொன்னது மீன்காரம்மா. அம்மாவின் ஊருக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருக்களில் விற்பவள். அம்மா அவளிடம் தினமும் பேரம் பேசுவாள், கடல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், கரையில் யாருக்கு எத்தனை பிள்ளை என்று கேட்பாள். ஒரு நாளும் யாருக்கும் ஒரு சேதி சொல்லி அனுப்பியதில்லை. எனக்குப் பதிமூன்று பதினாலு வயதிருக்கும்போது, அம்மா வீட்டிலில்லாத ஒரு காலையில் மீன்காரம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

“தெரியாதா உனுக்கு? உங்கம்மாவுக்குக் கருமாதி பண்ணிட்டாங்கம்மா. உசுரோட கீறப்பவே,” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நான் விடுகிற ஆளில்லை.

அப்பாவின் முதல் வேலை அந்தக் கடற்கரை ஊரில், மிஷன் பள்ளிக்கூடத்தில். அம்மா அந்த ஊர்ப் பெரியவரின் மகள். இரண்டு பேரும் எப்படிப் பேசிப் பழகினார்கள் என்பதை மீன்காரம்மா ஒரு மாதிரி சொன்னாள். அதை அப்படியே நம்ப எனக்கு இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது, அப்பா அவ்வளவு தைரியசாலி இல்லை. எப்படியோ அம்மா ஊரை விட்டு வந்து, ஞானஸ்நானம் பெற்று, அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா அந்த வேலையை விட்டுவிட்டுப் பட்டணத்து ஆபீசில் சேர்ந்தார். ஊரில் அம்மாவின் தகப்பனார் தலை முழுகிவிட்டார். மற்றவர்கள் அதோடு நிறுத்தியிருப்பார்கள். அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். செங்கல்பட்டுக்கு ஆளனுப்பிப் பத்திரிகை அடித்து, பதினாறாம் நாள் ஊரையே கூட்டிச் சோறு போட்டார். ஒரு பத்திரிகையை அம்மாவின் அண்ணன் கையில் கொடுத்து, தாம்பரத்துக்குப் போய் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வா என்றார். அவரும் வந்தார். கேட்டருகே நின்று கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

தன் சாவுக்குத் தன்னையே அழைத்த பத்திரிகையை அம்மா பத்திரமாக வைத்திருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கிழித்துப் போடு என்று சண்டை போட்டேன். “அதுல எங்கப்பா பேரு, என் பேரு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்குடி. வேற எதுல இருக்கு?” என்றாள். என் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

கல்லூரியில் தமிழ் எடுத்ததற்கு நான் பல காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் அந்தக் காகிதத்தின் தலைப்புதான் என்று இப்போது தோன்றுகிறது. நூலகத்தில் பெரிய அகராதியை வைத்துக்கொண்டு சாவு சம்பந்தமான சொல்லாகப் பார்த்து அலைந்தேன். மற்ற பெண்கள் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். ஈமம் என்றால் பிணம் சுடும் விறகடுக்கு, சுடுகாடு. அதனால் ஈமக்கிரியை என்றால் அதில் நெருப்பு வாசனை அடிக்கும். அந்தியேட்டி என்றால் கடைசி வேள்வி. நீத்தார் என்றால் விட்டுப் போனவர்கள். கருமாதி என்பதைக் கருமம் முதலானவை என்று பிரிக்கலாம். எங்கள் நல்லடக்கத்தில் மண் இருக்கிறது, பிறகு ஓர் அமைதி இருக்கிறது. உத்தரகிரியையிலும் அதன் சகோதரியான அபரக்கிரியையிலும் மட்டும் நெருப்பும் இல்லை, மண்ணும் இல்லை, சாமியும் இல்லை. பிற்பாடு செய்வது, அவ்வளவுதான். உத்தரத்துக்குப் பதில் என்றும் ஒரு பொருள் உண்டு. அதை வைத்து அழகாக நாலு வரி எழுதிவிடலாம். எனக்கு அந்த மாதிரி அழகு ஒத்துவராது. எனக்கு வேண்டியிருந்தது ‘பின்’ என்கிற ஒரே பொருள்தான். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்தால் அது செல்லாது. அந்தக் கிழவர் செய்தது செல்லாது. நூலக மேஜையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஒரு வழக்கில் ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

எழுபதுகளின் ஆரம்பத்தில் நான் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். அம்மாவுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, மெஷினை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிதிக்கக் கூடாத மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் தைப்பாள். ஒரு நாள் மத்தியானம், நூல் கோக்க என்னைக் கூப்பிட்டவள், ஊசியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான் போயிட்டா எங்க வூட்டுக் கோடி வரணும்டி.”

கட்டின புருஷன் இருக்கும்போது பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுப் புடவை எடுத்து வந்து உடல்மேல் போர்த்த வேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. அது வராத பெண்ணை நாதியற்றவள் என்பார்கள். எங்கள் சபையில் பெரிதாக யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அம்மா ‘வூடு’ என்று சொன்னதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அப்பாவுக்காக அந்தக் கரைப் பேச்சையே விட்டிருந்தவள்.

எனக்கு நாக்கு நீளம். “அவங்கதான் உனக்கு எல்லாம் செஞ்சு முடிச்சுட்டாங்களே. சோறு வரைக்கும் போட்டாச்சு,” என்றேன்.

“கோடி போடலையே,” என்றாள் அம்மா. “நான் இங்க இருந்தேன். எது மேல போடுவாங்க? கோடி போடாம எப்படி முடியும்?”

அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். பள்ளி வேலையாகப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் மணலில் நடை. வழியெல்லாம் என் வாதத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தாத்தா இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த வீட்டில் இப்போது மாமாதான் பெரியவர். கரையில் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். யார் என்று நான் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை, அம்மாவின் நெற்றி அப்படியே அவர் முகத்தில் இருந்தது.

“மாமா, தாம்பரத்துலேர்ந்து வர்றேன்,” என்றேன்.

கயிற்றிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். “இன்னா விசயம்?”

சொன்னேன். அம்மாவின் உடம்பு, டாக்டர் சொன்னது, கோடி. அவர் தலையை ஆட்டினார்.

“ஒருத்திக்கு ரெண்டு தபா செய்ய முடியுமாம்மா? எங்கப்பாரு செஞ்சிட்டாரு. நான் மொட்டை போட்டுக்கினேன். பதினாறு நாளு கடலுக்குப் போவல. ஊரே வந்து சாப்ட்டுச்சு. இப்ப நான் கோடி எடுத்துக்கினு வந்தா, அன்னிக்குச் செஞ்சதுக்குப் பேரு இன்னா?”

இந்தக் கேள்விக்குத்தானே இத்தனை வருஷமாகத் தயாராக இருந்தேன். “உத்தரகிரியைன்னா பின்னால செய்யறதுன்னு அர்த்தம் மாமா. உயிர் போறதுக்கு முன்னால செஞ்சா அது உத்தரகிரியையே இல்லை. அந்த வார்த்தையே சொல்லுது. அன்னிக்குச் செஞ்சது செல்லாது.”

“படிச்ச பொண்ணு. வார்த்தைக்கு அர்த்தம் உனுக்குத் தெரியும்,” என்றார். “ஊருக்குத் தெரியுமா? எனுக்குத் தெரியுமா? நான் போட்ட மொட்டை எனுக்குத் தெரியும்.”

ஜெயித்து வைத்திருந்த வழக்கு ஒரே நொடியில் போய்விட்டது. செருப்பெல்லாம் மணல். அகராதியைத் தலையில் சுமந்து இவ்வளவு தூரம் வந்த என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. திரும்பி நடந்தவள், மனசு கேட்காமல் நின்று, “கோடி போடாம எப்படி முடியும்னு அம்மா கேட்டாங்க. அன்னிக்கு எது மேல போட்டிருப்பாங்கன்னு கேட்டாங்க,” என்று மட்டும் சொன்னேன்.

மாமா கயிற்றுப் பக்கம் குனிந்துகொண்டார். “பஸ்ஸு போயிடும். கிளம்பு,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, “பார்த்தியா?” என்றாள். நான் எங்கே போனேன் என்று அவளிடமும் சொல்லியிருக்கவில்லை. செருப்பு மணலைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

“பார்த்தேன். வர்றேன்னு சொன்னாரும்மா.”

“என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு.”

“‘நான் வராம வேற யாரு வருவா?’ன்னாரு.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சரி,” என்றாள். சக்கரத்தை மறுபடி தள்ளினாள்.

அந்த ‘சரி’க்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் அவள் பக்கத்தில் போவேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். மீன்காரம்மா தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன். அவளிடம் ஒரு சேதியும் இருக்காது. ‘நண்டு கீது, வாங்கிக்கிறியா?’ என்பாள். அம்மா அந்த மாதங்களில் நன்றாகத் தூங்கினாள், சந்தோஷமாகக்கூட இருந்தாள். 

நாலு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அம்மா போய்விட்டாள். காபி வேண்டும் என்றாள், நான் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. டம்ளரோடு நின்றது இன்னும் கையில் சுடுகிறது.

அப்பா அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு, மேஜை முன் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு எழுதுவதைப் போலவே அறிவிப்பு எழுதினார். நல்லடக்க ஆராதனை வீட்டில் மாலை நான்கு மணிக்கு, பின்னர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சித்திரை வெயிலில் மறுநாள் வரை வைத்திருக்க முடியாது. எட்டு மணிக்கு மீன்காரம்மா வந்தாள். வாசல் கூட்டத்தைப் பார்த்ததுமே கூடையை இறக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டாள். ஒரு மீன்கூட விற்கவில்லை. “நான் போயி சொல்றேம்மா. அவரு வருவாரோ மாட்டாரோ, என் வாயால சொல்லிப்புடறேன்,” என்று அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் தையல் மெஷின் டிராயரைத் திறந்து பத்திரிகையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மாமா வராவிட்டால் பெட்டிக்குள் அம்மாவோடு வைத்துவிடுவது. வந்தால் அவர் முகத்தில் எறிவது. இரண்டில் ஒன்று.

மூன்றரைக்கே சபையார் எல்லோரும் வந்துவிட்டார்கள். பந்தலில் பெஞ்சு போதவில்லை. அப்பாவின் நேரம் எல்லோருக்கும் தெரியும் அல்லவா. நான் பெட்டிக்கும் கேட்டுக்குமாக நடந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு பஸ்ஸும் நின்று போகும் சத்தம் கேட்கும். காத்திருப்பேன். யாரும் வர மாட்டார்கள். “பெத்தவ பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரக் கூடாதா?” என்று பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டேன். அம்மாவிடம் நான் சொன்ன பொய் அங்கே பெட்டியில் அவளோடு படுத்திருந்தது. அவள் பக்கத்தில் நான் எப்படி உட்காருவேன்?

சரியாக நான்கு மணிக்குப் போதகர் ஆரம்பித்தார். அப்பா எழுந்து பாட்டு எண்ணைச் சொன்னார். “எல்லாச் சரணங்களும்,” என்றார்.

தலைகள் திரும்பின. எட்டு சரணமும் பாடி முடித்தார்கள். போதகர் ஜெபித்து, பிரசங்கம் செய்து, மூடலாமா என்கிற மாதிரி அப்பாவைப் பார்த்தார். அப்பா இன்னொரு எண்ணைச் சொன்னார். எல்லாச் சரணங்களும். அது முடிந்ததும், அம்மாவைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேச விரும்பினால் பேசலாம் என்றார். சாவு வீட்டில் பேச்சு வைக்கிறவர்களை அவர் வாழ்நாள் முழுக்கத் திட்டியவர். நாலு பேர் பேசினார்கள். பிறகு மறுபடி ஒரு பாட்டு. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வியர்வை, பிள்ளைகளின் அழுகை, விசிறிச் சத்தம். எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதா இவருக்கு? சீக்கிரம் மூடித்தொலைத்தால் நானாவது இந்தக் கேட்டைப் பார்ப்பதை நிறுத்துவேனே என்று இருந்தது. நான்காவது பாட்டின் எண்ணை அவர் சொன்னபோதுதான் கவனித்தேன். புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருந்தாரே தவிர, அவர் கண் அதில் இல்லை. அவரும் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டின் பாதியில் மாமா வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பின்னால் மீன்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் கேட்டைத் தாண்டவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். முகத்தில் எறிய வேண்டும் என்று நினைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சபை மூப்பர் ஒருவர் குறுக்கே வந்தார். “செயலாளர் சார், பெட்டி மூடற நேரத்துல இதெல்லாம் எதுக்கு? நம்ம முறையில இது கிடையாதே,” என்றார்.

“பாட்டு இன்னும் முடியலை ஐயா,” என்றார் அப்பா. அவர் குரல் எழும்பி நான் கேட்டதில்லை, அன்று எழும்பியது. “ஐந்தாம் சரணம்!” என்று சத்தமாக அறிவித்தார். எல்லோரும் பாடினார்கள்.

மாமா பொட்டலத்தைப் பிரித்தார். அரக்குக் கலர் நூல் புடவை, மடிப்புக் கலையாதது. அம்மாவின் கழுத்திலிருந்து பாதம் வரை போர்த்தி, ஓரங்களை இரண்டு கையாலும் இழுத்துச் சரிசெய்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

“நீ வந்துட்டுப் போன மறுநாளே எடுத்து வெச்சிட்டேம்மா,” என்றார் என்னிடம். “சொல்லியனுப்ப எனுக்கு வாயி வரல. இன்னிக்குக் கட்டுமரம் கரையேறவே ஒரு மணி ஆயிட்சி. அதான் லேட்டு. கோடி போடலைன்னு சொன்னியே, அதுதான் என்னைத் தூங்க வுடல.”

நான் இடுப்பிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. படிக்கத் தெரியாதவர், ஆனால் அந்தக் கறுப்புக் கட்டத்தை மறந்திருக்கவில்லை.

“இன்னுமா வெச்சிக்கினு இருந்தா?”

“தையல் மெஷின்ல வெச்சிருந்தாங்க.”

கையை நீட்டினார். “குடு. நான் கொண்டாந்து குடுத்தது. நானே எடுத்துக்கினு போறேன்.” வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெட்டியை மூடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் முதல் பிடி மண்ணை அப்பா போட்டார், இரண்டாவதைப் போட மாமாவுக்குக் கை காட்டினார். வெளிச்சம் போவதற்குள் எல்லாம் முடிந்தது. மாமா வீட்டுக்குத் திரும்பி வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்தார். இரண்டு பேரும் கடலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் கொஞ்சம் பேசினார்கள். “வர்றேன் வாத்தியாரே,” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

எல்லோரும் போன பிறகு அப்பா சபைப் பதிவேட்டை எடுத்து எழுத உட்கார்ந்தார். அன்றைக்கே எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நான் மேஜை அருகில் போய் நின்றேன்.

“அப்பா, நான் அம்மாகிட்ட பொய் சொன்னேன். மாமா வர்றேன்னு சொல்லவே இல்லை.”

“தெரியும். உங்கம்மா அன்னிக்கே சொல்லிட்டா. ‘என் அண்ணன் இப்படியெல்லாம் பேசறவன் இல்ல, புள்ள தானா கட்டிச் சொல்லுது’ன்னு சொல்லிச் சிரிச்சா. நீ தனக்காகப் போய்ப் பார்த்தியேங்கறதே அவளுக்குப் போதுமா இருந்தது.”

எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராதது. “அப்போ அவர் வர்றேன்னு சொல்லலைன்னு தெரிஞ்சும் ஏன் அத்தனை பாட்டு போட்டீங்க?”

அப்பா பேனாவை மூடி வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அன்னிக்கு அவர் கேட்டுல நின்னு அந்தப் பத்திரிகையைக் குடுத்தப்போ நான் உள்ளேதான் இருந்தேன். ஜன்னல் வழியாப் பார்த்தேன். வெளியே போய், உள்ளே வாங்க, உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் உக்காந்திருப்பார்னு உங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா. எட்டு இருபது டிரெயினுக்கு நேரமாச்சுன்னு நான் பின்பக்கமாவே கிளம்பிப் போயிட்டேன்.”

கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஸ்டேஷனுக்குப் போனா, டிரெயின் அன்னிக்கு இருபது நிமிஷம் லேட்டு.”